ஹெரால்டு எஞ்சினை வீட்டிலேயே பிரித்துக் கட்டலாமா?

பழைய கார்கள் பற்றிய வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில், பழைய எஞ்சினை வீட்டில் வைத்துப் பிரித்துக் கட்டுவது பற்றியவற்றை மட்டும் தனியே எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பிரேக், பெயின்ட், மின் இணைப்பு பற்றி எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

என் தந்தையார் 1967இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அவர் மறைவுக்குப் பின் இருபது ஆண்டுகளாக எங்கள் வீட்டுப் பின்கட்டில் நிற்கிறது. எஞ்சின் இறுகிவிட்டது, சுற்ற மறுக்கிறது. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு நேரம் உண்டு. ஸ்பானர் பிடித்த பழக்கமும் ஓரளவு உண்டு. உள்ளூர் மெக்கானிக்கோ, “எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், வண்டியை என்னிடம் விட்டுவிடுங்கள்” என்கிறார். எதை நான் செய்யலாம்? எதைப் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும்?
— காரைக்குடி வாசகர்

தாராளமாக நீங்களே செய்யலாம். அதிலும் உங்களிடம் இருப்பது ஹெரால்டு என்பதால் இன்னும் துணிந்து சொல்கிறேன். அந்தக் காரின் பானெட், இரு பக்க மட்காடுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். திறந்துவிட்டால் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினின் எந்த மூலையையும் கைநீட்டித் தொடலாம். இன்றைய கார்களில் ஒரு பிளக்கைக் கழற்றவே முழங்கையைச் சிராய்த்துக்கொள்ளும் நமக்கு இது பெரிய வசதி. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1959இல் வெளிவந்த டிரயம்ப் ஹெரால்டு, இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலொட்டி வரைந்த கார். 1961 முதல் நமது வண்டலூர் ஆலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் அது தயாரானது. எஞ்சின் 948 சி.சி. கொள்ளளவு, சிலிண்டர் விட்டம் 63 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 76 மி.மீ. வார்ப்பிரும்பு பிளாக், மூன்று மெயின் பேரிங், எட்டு வால்வு, பக்கவாட்டில் கேம் ஷாஃப்ட், புஷ் ராடு. மறைவாக எதுவும் இல்லாத எளிய எஞ்சின் அது.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு என் பதில்: உலோகத்தைச் செதுக்கும் வேலை அனைத்தும் லேத் பட்டறைக்கு, மற்றவை அனைத்தும் உங்களுக்கு. சிலிண்டரை ரீபோர் செய்வது (கடைந்து அகலப்படுத்துவது), பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கைக் கிரைண்டிங் செய்வது, ஹெட்டின் அடிப்பரப்பைச் சமப்படுத்துவது, வால்வு வந்து உட்காரும் சீட்டைப் பதிப்பது ஆகியவற்றுக்கான இயந்திரங்கள் நம் வீட்டில் கிடையாது. ஆனால் பிரிப்பது, கழுவுவது, அளப்பது, மறுபடி கோப்பது ஆகிய நான்கும் பொறுமை கேட்கும் வேலைகள்; பட்டறைக்காரரைவிட ஓய்வு பெற்ற வங்கி அலுவலருக்கே அவை நன்றாக வரும். அந்த நான்கிலும் அளப்பதுதான் தலையானது. “எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்” என்று சொன்ன மெக்கானிக் எதையாவது அளந்து பார்த்துவிட்டுச் சொன்னாரா என்று கேட்டுப் பாருங்கள்.

முதலில், இறுகிய எஞ்சினை வன்முறையால் சுற்ற முயலாதீர்கள். வண்டியை மேட்டிலிருந்து கியரில் உருட்டிவிடும் நாட்டு வைத்தியம் வேண்டவே வேண்டாம். ஒட்டிக்கொண்ட ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் சமமாகக் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி ஊற்றி, ஒரு வாரம் விட்டுவிடுங்கள். தினமும் காலையில் கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான ஸ்பானரை மாட்டி முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒரு நாள் ‘கிறுக்’ என்று ஒரு நூல் அளவு நகரும். நகர்ந்துவிட்டதே என்ற மகிழ்ச்சியில் பாட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பிவிட வேண்டாம். துரு பிடித்த சிலிண்டரில் ஓடும் ரிங், அரம் போட்டது போலச் சுவரைச் சுரண்டிவிடும். நகர்ந்தது பிரிப்பதற்குத்தான், ஓட்டுவதற்கல்ல.

ஸ்பானர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சிலிண்டர் அளவு மில்லிமீட்டரில் இருந்தாலும் இந்த எஞ்சினின் நட்டு, போல்ட்டுகள் அங்குல அளவில் ஆனவை. அரை அங்குல நட்டு என்பது 12.7 மி.மீ.; அதில் 13 நம்பர் ஸ்பானரை மாட்டினால் லூசாக உட்கார்ந்து, இருபது ஆண்டுத் துருவை எதிர்த்து அழுத்தும்போது நட்டின் மூலைகளை உருட்டிவிடும். 7/16, 1/2, 9/16 ஆகிய மூன்று ரிங் ஸ்பானர்களும் அதே அளவு சாக்கெட்டுகளும் நல்ல தரத்தில் வாங்கிவிட்டால் எஞ்சின் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். இறுக்கும் விசையைக் காட்டும் ஒரு டார்க் ரெஞ்சும், மெல்லிய இடைவெளிகளை அளக்கும் ஒரு பீலர் கேஜும் கட்டாயம். எஞ்சினைத் தூக்கச் செயின் பிளாக்கை வாடகைக்கு எடுங்கள். சின்ன எஞ்சின்தானே என்று இரண்டு பேர் கையால் தூக்கி முதுகைப் பிடித்துக்கொண்டவர்களை நான் அறிவேன். மாமரக் கிளையை நம்பி ரேடியேட்டரை நசுக்கிக்கொண்டவர்களையும் அறிவேன்.

பிரிக்கும்போது எந்தப் பொருள் எங்கே ஓடித் தேய்ந்ததோ அங்கேயே திரும்பிச் செல்ல வேண்டும் என்பதை மனத்தில் வையுங்கள். எட்டு புஷ் ராடுகளையும் ஓர் அட்டைப்பெட்டியில் எட்டுத் துளையிட்டு வரிசையாகக் குத்தி வையுங்கள். எட்டு டாப்பெட்டுகளை முட்டை அட்டையில் அடுக்கலாம். பேரிங்குகளை மூடிப் பிடிக்கும் மெயின் கேப்பும் கனெக்டிங் ராடு கேப்பும் ஒன்றுக்கொன்று மாறவே கூடாது. எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பக்கவாட்டில் சென்டர் பஞ்சால் புள்ளி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பதை விட்டுவிடுகிறவர்கள்தாம் கடைசியில் கையில் நான்கு போல்ட்டை வைத்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றும்போது ஒரு வேடிக்கையைக் காண்பீர்கள். கிராங்க்குக்கு முன்பக்கம், பிளாக்கின் அடியில் ஓர் அலுமினியக் கட்டை இருக்கும். அதன் இரு முனைகளிலும் இரண்டு சிறிய மர ஆப்புகள் அடித்திருக்கும். எஞ்சினுக்குள் மரமா என்று வியந்து, யாரோ பழைய மெக்கானிக் செய்த ஒப்பேற்று வேலை என நினைத்து எறிந்துவிடாதீர்கள். ஆயில் கசியாமல் இருக்க ஆலையிலேயே அப்படித்தான் அடித்து அனுப்பினார்கள். பின்பக்க மெயின் கேப்பின் காடிகளிலும் அதே காரணத்துக்காகக் கம்பளி நாடாவைத் திணித்திருப்பார்கள். புதிதாகக் கோக்கும்போது மென்மரத்தில் புதிய ஆப்பு சீவி, சீலன்ட் தடவி இறக்கி, வெளியே நீட்டியதைப் பிளேடால் சமமாக வெட்டிவிட வேண்டும்.

என் ஹெரால்டின் எஞ்சினைப் பிரித்துவிட்டேன். உடனே 20 ஓவர்சைஸ் பிஸ்டன் செட் வாங்கி ரீபோர் செய்துவிடும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். சிலிண்டரைப் பார்த்தால் பளபளப்பாக நன்றாகத்தான் இருக்கிறது. ரீபோர் தேவையா என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?
— கோவை வாசகர்

பளபளப்பை நம்பாதீர்கள், கண்ணாடி போன்ற பளபளப்பே தேய்மானத்தின் அடையாளமாக இருக்கலாம். சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் ஏறி நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் அதிகம் தேயும். ஏனென்றால் அங்கேதான் வெப்பமும் அழுத்தமும் அதிகம், ஆயில் குறைவு. அடிப்பகுதியில் ஏறத்தாழ ஆலையிலிருந்து வந்த அளவே இருக்கும். ஆகவே மேலும் கீழும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதே கேள்வி. முதலில் மேல் விளிம்பில் நகத்தை வைத்துக் கீழிருந்து மேலாக இழுத்துப் பாருங்கள். நகம் ஒரு படியில் தட்டி நின்றால், ரிங் போகாத இடம் தேயாமலும் போகும் இடம் தேய்ந்தும் இருக்கிறது என்று பொருள்.

சிலிண்டர் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் இல்லாதவர்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரே ஒரு பிஸ்டன் ரிங்கை எடுத்துச் சிலிண்டருக்குள் விட்டு, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் அடிப்பகுதி வரை நேராகத் தள்ளுங்கள். ரிங்கின் இரு முனைகளுக்கு இடையேயுள்ள இடைவெளியைப் பீலர் கேஜால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே ரிங்கை மேலே, படிக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து மறுபடி அளங்கள். கீழே 0.35 மி.மீ., மேலே 0.90 மி.மீ. என்று வருவதாக வைத்துக்கொள்வோம். வேறுபாடு 0.55 மி.மீ. வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல 3.14 மடங்கு என்பதால், இந்த 0.55ஐ 3.14ஆல் வகுத்தால் விட்டத்தின் வேறுபாடு கிடைக்கும்: ஏறத்தாழ 0.175 மி.மீ. பட்டறை மொழியில் அது ஏழு ‘தௌ’. ஒரு தௌ என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மி.மீ. ஏழு தௌ தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் போட்டால், பிஸ்டன் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் ரிங் விரிந்து சுருங்கிச் சீக்கிரமே சோர்ந்துவிடும். அந்த நிலையில் ரீபோர்தான். வேறுபாடு இரண்டு தௌவுக்குள் அடங்கினால், ஹோனிங் கல்லால் பளபளப்பைக் கெடுத்துக் குறுக்குக் கோடுகள் போட்டு, புது ரிங்கோடு நிறுத்திக்கொள்வேன். நெடுநாள் சும்மா நின்ற வண்டி என்றால் துருக்குழிகளையும் பாருங்கள். நகத்தில் தட்டும் குழி ஹோனிங்குக்குப் போகாது.

ரீபோர் என்று முடிவானால், முதலில் பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்புங்கள். 20 ஓவர்சைஸ் என்றால் 20 தௌ கூடுதல்; 63 மி.மீ. என்பது ஏறத்தாழ 63.51 மி.மீ. ஆகும். ஆனால் பிஸ்டனை அளந்து, அதற்கு வேண்டிய இடைவெளியைக் கூட்டித்தான் சிலிண்டரைக் கடைய வேண்டுமே தவிர, பெட்டியின்மேல் அச்சடித்த எண்ணுக்குக் கடையக் கூடாது. இந்த எஞ்சினுக்கான பிஸ்டன் இன்று எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. முதலில் 20 கடைந்துவிட்டுச் சந்தையில் 30தான் இருக்கிறது என்று தெரிந்தால், ஒரே பிளாக்குக்கு இரண்டு முறை கூலி கொடுப்பீர்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் புதுப்பேட்டையிலும் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். டிரயம்ப் ஹெரால்டுக்கு அங்கே இன்றும் உதிரிபாகம் விற்கிறார்கள்.

புது ரிங் வந்ததும் அப்படியே மாட்டிவிடாமல், ஒவ்வொன்றையும் அதனதன் சிலிண்டரில் விட்டு இடைவெளி பாருங்கள். சிலிண்டர் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு மூன்று முதல் நான்கு தௌ என்பது பொதுவான கணக்கு. இந்த எஞ்சினுக்கு எட்டு முதல் பத்துத் தௌ வரும். அதைவிடக் குறைவாக இருந்தால், சூட்டில் விரிந்த ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொண்டு சிலிண்டரைப் பிறாண்டும். மெல்லிய அரத்தால் ஒரு முனையை மட்டும் தேய்த்துச் சரிசெய்யுங்கள்.

கிராங்க்கைக் கிரைண்டிங் செய்து, புது பேரிங்கும் போட்ட என் நண்பரின் எஞ்சின் ஒரு மாதத்திலேயே தட்டத் தொடங்கிவிட்டது. இதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? நான் அதே வேலையைத் தொடங்கவிருப்பதால் கேட்கிறேன்.
— மதுரை வாசகர்

பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். நான் சொந்தமாகக் கட்டிய முதல் எஞ்சினின் கிராங்க், லேத் பட்டறையிலிருந்து எண்ணெய் பூசிச் செய்தித்தாளில் சுற்றி வந்தது. “கழுவியாச்சா?” என்று கேட்டேன், “எல்லாம் கழுவியாச்சு சார்” என்றார்கள். நம்பிக் கோத்தேன். நானூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆயில் விளக்கு மினுக்கத் தொடங்கியது. மேடேறும்போது அடியிலிருந்து ஓர் ஆழமான தட்டல். சம்ப்பைக் கழற்றி ஒரு கேப்பை இறக்கிப் பார்த்தேன். வெள்ளி போல் இருக்க வேண்டிய பேரிங் பரப்பில் மிளகாய் விதையைவிடச் சின்னச் சின்னப் புள்ளிகள், சாம்பல் நிறத்தில் பதிந்திருந்தன. விரலால் தடவியபோது உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. கிரைண்டிங் கல்லின் தூள். கிராங்க்குக்குள் மெயின் ஜர்னலிலிருந்து (பேரிங்கில் சுழலும் பகுதிதான் ஜர்னல்) ராடு ஜர்னலுக்குச் சாய்வாகத் துளைத்த ஆயில் வழிகள் உண்டு. அரைக்கும்போது பறக்கும் தூள் அந்த வழிகளில் பசையோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே கழுவினால் அது போகாது. எஞ்சின் ஓடி ஆயில் சூடேறிய பிறகுதான் கரைந்து வந்து நேராகப் பேரிங்கில் உட்காரும். பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை, வெளிப்புறத்தைத்தான் கழுவியிருந்தார். உள்ளே கம்பி விட்டுப் பார்க்காதது என் குற்றம்.

அன்றிலிருந்து யார் கழுவிக் கொடுத்தாலும் நான் மறுபடி கழுவுகிறேன். துப்பாக்கிக் குழல் துடைக்கும் பிரஷ் போன்ற நீண்ட நைலான் பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்து ஒவ்வொரு வழியிலும் விட்டு இழுத்து, பின்பு சோப்புத் தண்ணீரில் அதையே திருப்பிச் செய்து, காற்றடித்து, வெள்ளைத் துணியைக் கம்பியில் சுற்றி இழுத்தால் அது வெள்ளையாகவே வெளிவர வேண்டும். பிளாக்குக்கும் இதே மரியாதை உண்டு. ஆயில் வழிகளின் முனைகளில் அடித்திருக்கும் பிளக்குகளைக் கழற்றாமல் கழுவிய பிளாக், கழுவாத பிளாக்தான். தண்ணீர் அறையையும் மறக்க வேண்டாம்: கோர் பிளக்குகளை எடுத்துப் பார்த்தால், நான்காம் சிலிண்டருக்குப் பின்னால் துருவும் சேறும் களிமண் போலக் கெட்டியாக அடைந்திருக்கும். “எப்போது பார்த்தாலும் சூடேறுகிறது” என்று பழைய சொந்தக்காரர்கள் ரேடியேட்டரை மாற்றி மாற்றிப் பார்த்ததற்கு இதுவே காரணமாக இருந்திருக்கும்.

பேரிங்கைப் போட்டபின் இடைவெளி பார்க்க, பிளாஸ்டிகேஜ் என்று ஒரு மெழுகு இழை விற்கிறார்கள். அதை ஜர்னலின்மீது நீளவாக்கில் வைத்து, கேப்பை உரிய டார்க்கில் இறுக்கி, கிராங்க்கை அசைக்காமல் திரும்பக் கழற்றினால், நசுங்கிய அகலமே இடைவெளியைச் சொல்லிவிடும்.

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுப்பவை, பின்பக்க மெயின் பேரிங்கின் இரு புறமும் செருகியிருக்கும் அரைவட்டத் தகடுகள். திரஸ்ட் வாஷர் என்பார்கள். கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் இவைதாம் அழுத்தத்தைத் தாங்குகின்றன. சிக்னலில் நிற்கும் நேரம் முழுதும் கிளட்ச்சை மிதித்தபடியே இருக்கும் பழக்கமுள்ளவரின் வண்டியில் இவை மெலிந்து மெலிந்து, ஒரு நாள் கழன்று சம்ப்பில் விழும். அதன்பின் கிராங்க் நேரடியாகப் பிளாக்கைத் தேய்க்கும், பிளாக்கே வீணாகிவிடும். சோதிப்பது எளிது. ஒருவர் கிளட்ச்சை மிதித்து விட, இன்னொருவர் முன்னால் கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு முன்னும் பின்னும் நகர்ந்தால் எஞ்சினை ஓட்டாதீர்கள். புதிதாகக் கோக்கும்போது இந்த ஆட்டம் நான்கு முதல் எட்டுத் தௌவுக்குள் இருக்க வேண்டும். ஆயில் காடி வெட்டிய முகம் கிராங்க்கைப் பார்த்தும், வழவழப்பான இரும்பு முகம் பிளாக்கைப் பார்த்தும் இருக்கட்டும். திருப்பிப் போட்டாலும் அது அழகாகச் செருகிக்கொள்ளும் என்பதுதான் அதன் கெட்ட குணம்.

பழைய எஞ்சினுக்கு இன்றைய பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா? ஈயம் இல்லாததாலும் எத்தனால் கலப்பதாலும் கெட்டுவிடும் என்கிறார்களே?
— சேலம் வாசகர்

இரண்டும் வேறு வேறு நோய்கள். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் முற்றிலும் நிறுத்தப்பட்டது. அதுவரை அந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் சீட்டுக்கும் இடையே மெல்லிய படலமாகப் படிந்து காத்து வந்தது. அது இல்லாதபோது, வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வெட்டிய சீட், சூட்டில் வால்வோடு ஒட்டி ஒட்டிப் பிய்ந்து உள்வாங்கும். ஹெட் எப்படியும் பட்டறைக்குப் போகிறது என்றால், எக்ஸாஸ்ட் பக்கம் நான்கிலும் கடினப்படுத்திய சீட் வளையம் பதித்துவிடச் சொல்லுங்கள். மாதம் இருமுறை கோயிலுக்குப் போய்வரும் வண்டி என்றால் அவசரமில்லை. வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையேயுள்ள டாப்பெட் இடைவெளியை அவ்வப்போது அளந்து குறித்து வாருங்கள். அது தானாகக் குறைந்துகொண்டே வந்தால் சீட் உள்வாங்குகிறது என்று அறியலாம்.

எத்தனாலால் வரும் கேடு எஞ்சினுக்குள் அல்ல, அதற்கு முன்னே. இன்று பம்ப்பில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரத்தையும் ஊறவைத்து இளக்கிவிடும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ், டயஃப்ரம் இரண்டையும் மாற்றிவிடுங்கள். கலவை சற்று மெலிந்துபோவதால் கார்புரேட்டரைக் கொஞ்சம் செழுமையாக்க வேண்டியிருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டாங்க்கை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

என்னிடம் மொறிஸ் மைனர் 1000 இருக்கிறது. அதுவும் 948 சி.சி., ஹெரால்டும் 948 சி.சி. என்று படித்தேன். ஒன்றின் பிஸ்டனை மற்றதுக்குப் பாவிக்கலாமா?
— யாழ்ப்பாண வாசகர்

பாவிக்க முடியாது. பெயரளவில் இரட்டையர் போலத் தோன்றினாலும் இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். மைனருக்குள் இருப்பது பி.எம்.சி. நிறுவனத்தின் ஏ வரிசை எஞ்சின். அதன் விட்டம் 63 மி.மீ.க்கு மயிரிழை குறைவு, ஓட்டம் 76.2 மி.மீ. இரண்டுமே ஐம்பதுகளின் தொடக்கத்தில் 803 சி.சி.யாகப் பிறந்து 948ஆக வளர்ந்தவை, இரண்டின் ஃபயரிங் ஆர்டரும் 1-3-4-2 என்பதெல்லாம் அக்காலத்து இங்கிலாந்தின் பொதுப் போக்கு. பிஸ்டனையோ பேரிங்கையோ பகிர்ந்துகொள்ளும் உறவு அல்ல. உங்களுக்கு ஓர் ஆறுதல்: ஏ வரிசை எஞ்சின் மினி காரில் 2000ஆம் ஆண்டு வரை வந்தது, ஆகவே உதிரிபாகம் தேடுவதில் ஹெரால்டுக்காரரைவிட நீங்கள் கொடுத்துவைத்தவர்.

இவ்வளவு சிரமப்படுவதற்குப் பதில், ஹெரால்டில் மாருதி எஞ்சினைப் பொருத்திவிட்டால் என்ன? நிம்மதியாக ஓடுமே.
— திருநெல்வேலி வாசகர்

ஓடும், பலர் செய்தும் இருக்கிறார்கள். ஆனால் வேறு எஞ்சினைப் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின் கீழ் வரும் மாற்றம். பதிவு அதிகாரியின் அனுமதியும் பதிவுச் சான்றில் திருத்தமும் வேண்டும். மேலும், 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்கும் வண்டியே விண்டேஜ் எனக் கொள்ளப்படும். அப்படிப் பதியும்போது பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பது, டி.என். தொடருக்கு முந்தைய எம்.டி., எம்.எஸ். எண் தகடு வைத்திருக்கும் குடும்பங்களுக்குச் சின்ன விஷயமல்ல. சட்டத்தை விடுங்கள்; என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், எஞ்சின் எண் பொறித்த அந்த வார்ப்பிரும்புக் கட்டியைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்ட பிறகு மிஞ்சுவது ஹெரால்டு வேடம் கட்டிய மாருதி.

எஞ்சினைக் கோத்து முடித்து வண்டியில் ஏற்றிவிட்டேன். முதல் முறை ஸ்டார்ட் செய்யப் பயமாக இருக்கிறது. என்னென்ன கவனிக்க வேண்டும்?
— சென்னை, தாம்பரம் வாசகர்

பயம் நல்லதுதான்; அவசரப்பட்டுத்தான் பலர் இந்த இடத்தில் கெடுக்கிறார்கள். முதலில் டாப்பெட் இடைவெளி. குளிர்ந்த எஞ்சினில் எட்டு வால்வுக்கும் பத்துத் தௌ. எந்த வால்வை எப்போது அளப்பது என்பதற்கு ஒன்பது என்ற எண்ணை நினைவில் வையுங்கள்: முதல் வால்வு முழுதாகத் திறந்து அழுந்தியிருக்கும்போது எட்டாவதை அளங்கள், மூன்றாவது திறந்திருக்கும்போது ஆறாவதை, இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வர வேண்டும்.

அடுத்தது ஆயில். 20டபிள்யூ-50 மினரல் ஆயில் போதும். விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் இப்போது வேண்டாம், அதன் வழுக்கலில் ரிங் சிலிண்டரோடு படிந்து பழகாது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அதன் அடியிலுள்ள இயக்கத் தண்டை வெளியே எடுத்துவிட்டால், ஆயில் பம்ப்பை நேரே சுற்ற முடியும். முனை பொருந்துமாறு தட்டையாக்கிய ஒரு கம்பியை ட்ரில்லில் மாட்டி, பம்ப் சுழலும் திசையிலேயே சுற்றுங்கள். சிறிது நேரத்தில் ட்ரில் திணறும், ராக்கர் தண்டின் துளைகளில் ஆயில் ஊறி வரும். தண்டைத் திரும்ப இறக்கும்போது பழைய பற்களிலேயே உட்காருமாறு முன்கூட்டியே அடையாளம் வைத்திருக்க வேண்டும். அதற்குத் துணிவில்லையென்றால் நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டர் மோட்டாரால் விட்டு விட்டுச் சுற்றலாம். இரண்டில் ஒன்றைச் செய்யாமல் பிளக்கை மாட்டாதீர்கள்.

கேம் ஷாஃப்ட்டையோ டாப்பெட்டையோ புதிதாகப் போட்டிருந்தால், எஞ்சின் உயிர்பெற்றதும் ஐடிலில் விடக் கூடாது. இந்த எஞ்சினில் கேமுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் வாரித் தெளிப்பதால்தான் கிடைக்கிறது. மெல்லச் சுற்றினால் அது போதாது. நிமிடத்துக்கு 2,000 சுற்று அளவில் இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓடட்டும். கோக்கும்போதே கேம் மேடுகளில் அதற்குரிய பசையைத் தாராளமாகத் தடவியிருக்க வேண்டும். அந்த இருபது நிமிடமும் ஒருவர் ஆயில் விளக்கையும் வெப்பமானியையும் பார்க்க வேண்டும். இன்னொருவர் டார்ச் விளக்கோடு எஞ்சினைச் சுற்றி வர வேண்டும். புது பெயின்ட் சூடேறிப் புகையும், எக்ஸாஸ்டில் ஒட்டிய எண்ணெய் நாறும், அவற்றுக்குப் பயப்படாதீர்கள். ஆயில் விளக்கு ஒரு நொடி எரிந்தாலும் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.

பின்பக்கம், கிளட்ச் உறையின் அடியில் இரண்டொரு துளி ஆயில் சொட்டினால் மனம் உடைந்துவிட வேண்டாம். அந்தக் காலத்து ஹெரால்டில் கிராங்க்கின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. அலுமினிய உறைக்குள் வெட்டிய திருகுமரையே ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். நன்றாக மையப்படுத்திக் கோத்தாலும் நிறுத்திய பிறகு ஒரு துளி விடுவது அதன் வழக்கம். ஒழுகினால் மட்டும் எனக்கு எழுதுங்கள்.

எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு, அதாவது மறுநாள் காலையில், ஹெட் நட்டுகளைப் பட்டறைக் கையேட்டில் சொன்ன வரிசையிலும் டார்க்கிலும் ஒருமுறை சரிபார்த்து, டாப்பெட்டை மறுபடி அளந்துவிடுங்கள். ஹெட் கேஸ்கட் அழுந்தியிருப்பதால் பத்து என்று வைத்தது எட்டாக இருக்கும். முதல் ஆயிலை 500 கிலோமீட்டரிலேயே வடித்து, ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் மினுமினுப்பு புது ரிங் படிந்ததன் அடையாளம். கண்ணால் எண்ணக்கூடிய துகள்கள் தெரிந்தால் வண்டியை எடுக்காமல் சம்ப்பைக் கழற்றுங்கள்.